94 சதவீதமும் 0.72-உம்: இரண்டு நல்ல எண்களிடம் நான் ஏமாந்த கதை

எங்கள் ஹேண்ட்பால் அணி ஆட்டக்காரி ஒருத்திக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சோதனை இயந்திரத்தில் உட்கார்ந்து, பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முழங்காலை முழு மூச்சாக உதைத்து நீட்டினாள். அறுவை செய்த இடது கால் 141 நியூட்டன் மீட்டர், வலது கால் 150. வகுத்துப் பார்த்தேன்: 94 சதவீதம். 90-ஐத் தாண்டினால் களத்துக்கு அனுப்பலாம் என்பது அன்று நான் வைத்திருந்த கணக்கு.

"பாஸ் ஆயிட்டேனா அக்கா?"

"ஆயிட்ட."

அந்த ஒரு சொல்லை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மூன்றாவது ஆட்டம் முடிந்த இரவே அவள் முழங்கால் பந்துபோல வீங்கிவிட்டது. நல்லவேளையாக, புதிதாகப் பொருத்திய ஏசிஎல், அதாவது முழங்கால் மூட்டை உள்ளே கட்டிப் பிடிக்கும் நார், அறுபடவில்லை. ஆனால் அந்தக் கால் ஆட்டத்துக்குத் தயாராகவே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் ஒரு காலத்தில் பேக் நிலையில், அதாவது கோலிலிருந்து தள்ளி நின்று எறியும் இடத்தில், ஆடியவள். பிறகு பிசியோ படித்து, இப்போது பல ஆண்டுகளாக ஹேண்ட்பால் அணிகளின் உடற்திறன் சோதனைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஹேண்ட்பால் என்றதும் கைப்பந்தா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. அது வாலிபால். இது நடுவில் வலை இல்லாத ஆட்டம். இரண்டு அணியும் ஒருவரையொருவர் முட்டித் தள்ளிக்கொண்டு கோல் போடும் ஆட்டம். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு ஏழு பேர், 30 நிமிடமாக இரண்டு பாதி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடி, மூன்று விநாடி, அவ்வளவுதான். கோலுக்கு முன்னால் 6 மீட்டர் கோட்டை மிதிக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, காற்றில் இருக்கும்போதே எறிந்துவிட்டு உள்ளே விழலாம். தசைக்கு இந்த ஆட்டம் வைக்கும் கேள்விகளெல்லாம் இந்த விதிகளில் இருக்கின்றன. ஒற்றைக் காலில் எம்ப வேண்டும். காற்றில் ஒருவர் தோளால் இடிக்கும்போது உடம்பை நேராக வைத்திருக்க வேண்டும். அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான பந்தை வீசிய கையைத் தோளே பிடித்து நிறுத்த வேண்டும். கடைசியில், பெரும்பாலும் ஒற்றைக் காலிலேயே, இறங்க வேண்டும்.

முழங்காலுக்கே வருகிறேன். வீக்கம் வடிந்தபின் அவளுடைய பழைய தாள்களையெல்லாம் கேட்டு வாங்கினேன். அடிபடுவதற்கு முந்தைய சீசன் தொடக்கத்தில் வேறொருவர் அதே வகை இயந்திரத்தில், அதே வேகத்தில், விநாடிக்கு 60 டிகிரியில், எடுத்த அளவு ஒன்று கிடைத்தது. இடது 178, வலது 176. என் தாளை அதன் பக்கத்தில் வைத்தேன். இடது காலில் 178 இருந்த இடத்தில் 141, அதாவது 79 சதவீதம். அடிபடாத வலது காலும் 176-லிருந்து 150-க்கு இறங்கியிருந்தது. எட்டு மாதம் ஓடாமல் குதிக்காமல் இருந்தால் நல்ல கால் மட்டும் அப்படியே இருக்குமா? இரண்டும் சேர்ந்து இளைத்திருந்தன. நான் நோஞ்சானை இன்னொரு நோஞ்சானோடு நிற்கவைத்து, உயரம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பின்தொடைத் தசைக்கும் முன்தொடைத் தசைக்கும் உள்ள விகிதம் சுமார் 0.6 இருக்க வேண்டும் என்று எல்லோரும் படித்திருப்போம். அவளுக்கு அறுவைக்கு முன் இடது காலில் பின்தொடை 107, முன்தொடை 178, விகிதம் 0.60. அறுவைக்குப் பின் பின்தொடை 96, முன்தொடை 141, விகிதம் 0.68. தாளில் இது முன்னேற்றம். அன்று அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் நான் பச்சை மையில் டிக் அடித்திருக்கிறேன். முன்தொடை கரைந்துபோனதற்கு ஒரு டிக்.

அன்றிலிருந்து வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும், யாருக்கும் எந்த வலியும் இல்லாதபோது, அணியில் எல்லோருக்கும் ஒரு முறை அளவெடுத்து வைத்துவிடுகிறேன். அடிபட்ட பிறகு ஒப்பிட வேண்டியது அந்தத் தாளோடுதான். மறு காலோடு ஒப்பிடுவது அதற்குப் பிறகு. முன் அளவு இல்லாத ஆளுக்கு உடல் எடையால் வகுத்து, அதே வயதில், அதே நிலையில் ஆடுபவர்களோடு வைத்துப் பார்ப்பேன். அவள் எடை 62 கிலோ. கிலோவுக்கு 2.9 இருந்தது 2.3-க்கு வந்திருந்தது. பழைய தாள் கிடைக்காமல் போயிருந்தாலும் இந்தக் கணக்கு எனக்கு மணி அடித்திருக்கும்.

எட்டாம் மாதம் என்பதே அவசரம்தான். ஏசிஎல் அறுவைக்குப் பின் ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று நார்வேயிலும் அமெரிக்காவிலுமாகச் செய்த ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. அரையிறுதி நெருங்குகிறதே என்ற அழுத்தத்தில் அதை நான் ஓரமாக வைத்துவிட்டேன். கோச்சைக் குறை சொல்லவில்லை. அவர் கேட்டது "ஆடலாமா" என்று மட்டும்தான். 94 என்ற எண்ணைத் தூக்கிக் காட்டியது நான்.

அந்த நாளில் ஒற்றைக்கால் தாண்டலும் வைத்திருந்தேன். இடது 138 செ.மீ., வலது 148. 93 சதவீதம். ஆட்டத்துக்கு நெருக்கமான சோதனையிலும் தேறிவிட்டாள் என்று இரட்டிப்பு மகிழ்ச்சி. தற்செயலாக, பக்கவாட்டில் நின்ற இன்னொரு ஆட்டக்காரி போனில் அதைப் படம் பிடித்திருந்தாள். வீங்கிய பிறகு அந்தக் காணொளியை வாங்கி மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். வலது காலில் இறங்கும்போது முழங்கால் நன்றாக மடிந்து, ஒரு ஸ்பிரிங் போல அதிர்ச்சியை வாங்குகிறது. இடது காலில் முழங்கால் மடியவே இல்லை. உடம்பு முன்னால் சாய்ந்து, இடுப்பும் கணுக்காலும் அந்த வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. டேப் அளப்பது குதிகால் விழுந்த இடத்தை மட்டும். முழங்கால் வேலைக்கு வந்ததா, விடுப்பு எடுத்ததா என்பது டேப்புக்குத் தெரியாது.

இப்போது எந்தத் தாண்டல் சோதனை என்றாலும் இரண்டு போன்கள் நிற்கும், ஒன்று முன்னால், ஒன்று பக்கத்தில். தூரத்தைக் குறிப்பதற்கு முன் மூன்று விஷயம் பார்ப்பேன்: முழங்கால் எவ்வளவு மடிகிறது, உள்பக்கம் சாய்கிறதா, இறங்கிய இடத்தில் இரண்டு விநாடி அசையாமல் நிற்க முடிகிறதா. அதோடு ஹேண்ட்பாலுக்கென்று ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். பந்தோடு மூன்று அடி ஓடி, எம்பி எறியும்போது, நான் பக்கத்திலிருந்து ஒரு பஞ்சு மெத்தையால் இடுப்பில் லேசாக இடிப்பேன். எந்தப் பக்கம் இடிப்பேன் என்று சொல்ல மாட்டேன். இதற்கு மதிப்பெண் கிடையாது, பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் முழங்கால் நார் அறுவது பெரும்பாலும் இரண்டே தருணங்களில்: எதிராளியை ஏமாற்றக் காலை ஊன்றித் திரும்பும்போது, எம்பி எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போது. அந்த இரண்டையும் பார்க்காமல் நேர்கோட்டுத் தாண்டலை மட்டும் அளந்துவிட்டு "தயார்" என்று கையெழுத்துப் போட இப்போது எனக்குத் துணிவில்லை. அவள் பன்னிரண்டாம் மாதத்தில்தான் திரும்பினாள். இடது கால் அப்போது 172.

தோள் கதை அதற்கு அடுத்த ஆண்டு.

ஒரு பேக் ஆட்டக்காரன், 19 வயது. ஒன்பது மீட்டரிலிருந்து எம்பி எறிந்தால் கோல்கீப்பர் கையை நீட்டுவதற்குள் பந்து வலைக்குள் இருக்கும். அவனுக்குத் தோளின் உட்சுழற்சி விசை 190 நியூட்டன், வெளிச்சுழற்சி 114. விகிதம் 0.60. எறிபவர்களுக்குத் தோளை முன்னால் வீசும் உட்சுழற்சித் தசைகள் தானாகவே வளரும், எறிந்து எறிந்தே. வீசிய கையைப் பிடித்து நிறுத்தும் வெளிச்சுழற்சித் தசைகளை யாரும் கண்டுகொள்வதில்லை. கண்ணாடியில் தெரியாத தசை அல்லவா. எறியும்போது மேற்கை விநாடிக்குச் சில ஆயிரம் டிகிரி வேகத்தில் உள்நோக்கிச் சுழல்கிறது. பந்து கையைவிட்டுப் போனபின் அந்த வேகத்துக்கு பிரேக் போடுவது தோளுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சின்னத் தசைகள்தான். விகிதத்தை 0.7-க்கு மேல் கொண்டுவருவோம் என்று ரப்பர் பட்டைப் பயிற்சியை எழுதிக் கொடுத்தேன்.

பத்து வாரம் கழித்து அளந்தேன். 0.72. கோச்சிடம் தாளை நீட்டினேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் தாளைப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சரிம்மா, பந்து ஏன் மெதுவா வருது?" என்றார்.

ரேடார் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனோம். சீசன் தொடக்கத்தில் மணிக்கு 88 கி.மீ. எறிந்தவன், இப்போது 82. திரும்பவும் தாளுக்கு வந்தேன். வெளிச்சுழற்சி 114. அதே 114, ஒரு நியூட்டன்கூட ஏறவில்லை. உட்சுழற்சி 158-க்கு இறங்கியிருந்தது. கீழே இருக்கும் எண் விழுந்ததால் விகிதம் ஏறியிருக்கிறது. தோள் களைத்துப்போனதை நான் பயிற்சியின் வெற்றி என்று எழுதியிருக்கிறேன். முழங்காலில் பட்ட அதே அடி, தோளில் இன்னொரு தடவை.

"வலிக்குதாடா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "எறியும்போது இல்லக்கா, ராத்திரி அந்தப் பக்கம் படுத்தா வலிக்குது" என்றான். நான் அதுவரை அந்தக் கேள்வியையே கேட்டிருக்கவில்லை. பட்டைப் பயிற்சியை அவன் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதும் அன்றுதான் வெளியே வந்தது. அவன் சீனியர் அணியிலும் ஜூனியர் அணியிலும் ஒரே சமயத்தில் ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு கோச்சுகளும் அவரவர் பயிற்சியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்த ஆள் யாருமில்லை.

இளம் ஹேண்ட்பால் ஆட்டக்காரர்களை டென்மார்க்கில் 31 வாரம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. முந்தைய நான்கு வாரங்களின் சராசரியைவிட ஒரே வாரத்தில் ஆட்டச் சுமை 60 சதவீதத்துக்கு மேல் ஏறினால், தோளில் அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வெளிச்சுழற்சித் தசை பலவீனமாக இருப்பவர்களுக்கு 20 முதல் 60 சதவீத ஏற்றமே ஆபத்தாகிவிடுகிறது. ஆக, தசை வலிமை எண்ணை மட்டும் தனியே வைத்துக்கொண்டு பயனில்லை. அந்த வாரம் எத்தனை எறிதல் என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். அவனுக்கு ஒரு சிறிய நோட்டைக் கொடுத்து, இரண்டு அணியிலும் எறிந்ததைக் கூட்டி எழுதச் சொன்னேன். இரண்டு கோச்சுகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது அந்த நோட்டுதான். என் விகிதக் கணக்குகள் அதைச் செய்யவில்லை.

நார்வேயில் மேல்நிலை அணிகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று 2017-இல் வந்தது. வெளிச்சுழற்சி வலிமை, தோள்பட்டை எலும்பின் கட்டுப்பாடு, உட்சுழற்சி வீச்சு, முதுகின் நெகிழ்வு இவற்றையெல்லாம் வார்ம்-அப்பிலேயே வாரம் மூன்று முறை, பத்து நிமிடம் செய்த அணிகளில் தோள் பிரச்சினை வரும் அபாயம் 28 சதவீதம் குறைந்தது. நான் செய்த தவறு, அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தது. இப்போது பட்டைகள் கோல் கம்பத்திலேயே தொங்குகின்றன. வார்ம்-அப்பில் எல்லோரும் செய்கிறார்கள், கோல்கீப்பர் உட்பட. முணுமுணுப்பு இருக்கத்தான் இருக்கிறது.

இனி கருவியைப் பற்றி. இது சலிப்பான பகுதிதான். ஆனால் எண் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

கையால் எதிர்த்துத் தள்ளி 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் பழைய முறை, படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு நல்ல கருவி. ஆட்டக்காரர்களுக்கு அது உதவாது. எல்லோருக்கும் 5 வரும். அதனால் கையில் பிடித்து விசையை அளக்கும் டைனமோமீட்டர் வாங்கினேன். முதல் சீசனில் மூன்று பிவட் ஆட்டக்காரர்களுக்கு முழங்கால் நீட்டும் விசை எடுத்தேன். 262, 258, 265 நியூட்டன். அடடா, மூவரும் அச்சில் வார்த்ததுபோல இருக்கிறார்களே என்று வியந்தேன். பிவட் என்பவர் எதிரணித் தடுப்புச் சுவருக்குள் நின்று மல்லுக்கட்டுபவர். மூவரும் 90 கிலோவுக்கு மேல். நான் 56 கிலோ. அந்த 260 சொச்சம் அவர்களுடைய கால் அல்ல, என்னுடைய கை. என்னால் தாக்குப்பிடிக்க முடிந்த எல்லை அதுதான். கருவியை ஒரு பட்டையில் கோத்து, பட்டையைச் சுவர்க் கம்பியில் மாட்டி அளந்தபோது 540, 610, 705 என்று வந்தது. மூவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் முழுவதையும் என் மணிக்கட்டு விழுங்கியிருந்தது.

அடுத்தது, கருவியை எங்கே வைக்கிறோம் என்பது. முழங்கையிலிருந்து 25 செ.மீ. தள்ளி வைத்து 150 நியூட்டன் வந்தால், அது 37.5 நியூட்டன் மீட்டர். அதே ஆள், அதே பலம், ஆனால் மூன்று செ.மீ. முழங்கைப் பக்கம் நகர்த்தி வைத்தால் 170 காட்டும். ஒரே வாரத்தில் 13 சதவீத முன்னேற்றம்! இப்போது மூட்டிலிருந்து அளந்து மார்க்கரால் தோலில் கோடு போட்டு, அந்தத் தூரத்தையும் தாளில் எழுதி வைக்கிறேன். ஆட்டக்காரர் தள்ள நான் தாங்குவது ஒரு சோதனை. நான் தள்ளி அவர் பிடியை உடைப்பது வேறு சோதனை, இதில் எண் பொதுவாகக் கூடுதலாக வரும். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கலந்து எழுதியிருந்த பழைய தாள்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. எதற்கும் உதவாது.

குதிக்கும் பாய் இன்னும் சுவாரசியம். பல பாய்கள் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. கால் தரையில் படாமல் இருந்த நேரத்தை அளந்து கணக்குப் போடுகின்றன. காற்றில் 0.50 விநாடி இருந்தால் 30.7 செ.மீ. அதுவே 0.54 என்றால் 35.8 செ.மீ. அந்த 0.04 விநாடியைத் திருடுவது எளிது: இறங்கும்போது முழங்காலை மடித்துக்கொண்டு இறங்கினால் போதும். ஓரங்களில் ஆடும் எங்கள் விங் பையன்கள் இதை இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். இடுப்பில் கை, நேரான காலோடு முன்பாதத்தில் இறங்கு, இல்லையென்றால் செல்லாது என்ற விதி அதற்குப் பிறகு வந்தது.

கருவியெல்லாம் ஒழுங்குக்கு வந்த பிறகும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அதனால் ஒரு வாரம் பயிற்சி எதையும் மாற்றாமல், அதே எட்டுப் பேரை இரண்டு முறை அளந்தேன். வெளிச்சுழற்சியில் என் அளவுகளே 8 சதவீதம் வரை முன்னும் பின்னுமாக ஆடின. அப்படியானால் 5 சதவீதம் ஏறியது, 4 சதவீதம் இறங்கியது என்று நான் முன்பு எழுதிய அறிக்கைகளில் பாதி வெறும் காற்று. யார் அளந்தாலும் இந்த வேலையை ஒரு முறை செய்து பார்க்கச் சொல்வேன். உங்கள் கையின் நடுக்கம் எவ்வளவு என்று தெரியாமல், ஆட்டக்காரரின் மாற்றத்தைப் பேச முடியாது.

நாளும் நேரமும் பற்றிச் சுருக்கமாக. ஆட்டம் முடிந்து 48 மணி நேரம் ஆகாமல் அளப்பதில்லை. முதலில் குதித்தல், பிறகு குறுந்தூர ஓட்டம், பிறகு எறிதல் வேகம், பிறகு வலிமை, கடைசியில்தான் மூச்சு வாங்கும் ஓட்டச் சோதனை. வரிசையை மாற்றினால் எண்ணும் மாறும். எறிதல் வேகத்துக்கு எப்போதும் ஒரே பந்து. பந்து வழுக்காமலிருக்கக் கையில் பிசின் தடவுவதா இல்லையா என்பதையும் முடிவு செய்து எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஒரு கட்டம். 19 வயதுக்காரன் கற்றுக்கொடுத்தது அது.

தாளின் வடிவத்தையும் மாற்றிவிட்டேன். முன்பு விகிதம்தான் பெரிய எழுத்தில் முதலில் நிற்கும். இப்போது இடது, வலது, உள், வெளி, போன சீசன், இந்த சீசன் எல்லாம் தனித்தனியாக வரும். விகிதம் கடைசிக் கட்டத்தில். கோச் இன்னமும் "ஒரே நம்பரா சொல்லும்மா" என்கிறார். சொல்வதில்லை. இரண்டு நம்பராகச் சொல்கிறேன். அவருக்கு எரிச்சல்தான், ஆனாலும் இப்போதெல்லாம் தாளைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்.

அடுத்த சுற்று வரும் வாரம். அதற்குள் சுவர்க் கம்பியை இன்னும் ஆழமாகப் பதிக்க வேண்டும். போன முறை புதிதாக வந்த பிவட் பையன் உதைத்த உதையில் கம்பி திருகாணியோடு கழன்று கையில் வந்துவிட்டது. அவனுடைய கட்டத்தில் எண் எதுவும் இல்லை. "கம்பி தோற்றது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.